தமிழர் நாவில் ஆங்கிலம்: வட்டுக்கோட்டை முதல் ரொறன்ரோ வரை

ஆங்கிலத்தைப் பிழையின்றி எழுதத் தெரிந்த தமிழர் பலர். அதே ஆங்கிலத்தை நாலு பேர் முன்னிலையில் வாய்திறந்து பேசத் தயங்கும் தமிழர் அவர்களிலும் பலர். கொழும்பில் நடைபெறும் செய்தியாளர் மாநாடுகளில் இதை நான் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கிறேன். விடயத்தை நன்கறிந்த வடக்கு, கிழக்குச் செய்தியாளர் கடைசி வரிசையில் மௌனமாக அமர்ந்திருப்பார்; விடயம் அறியாத ஒருவர் மிடுக்கான ஆங்கிலத்தில் வெறுங் கேள்வியொன்றைக் கேட்டு மறுநாள் செய்தியில் இடம்பிடித்துவிடுவார்.

இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஆங்கிலத்துடன் உறவாடிவரும் ஒரு சமூகத்துக்கு இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? நம்மவர் நாவில் ஆங்கிலம் ஏறிய வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால் விடை கிடைக்கும். தெளிவாகப் பேசுவது வேறு, வெள்ளைக்காரனைப் போலப் பேசுவது வேறு. முன்னோரில் சிறந்தவர்கள் முதலாவதை நாடினார்கள். பின்வந்த நாம் இரண்டாவதை நாடி, இரண்டையும் இழந்து நிற்கிறோம்.

அமெரிக்கர் தந்த ஆங்கிலம்

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வி என்றதும் பிரித்தானியரையே பலர் நினைப்பர். ஆனால் அங்கு அக்கல்வியை ஆழ ஊன்றியவர்களுள் முதன்மையானவர்கள் அமெரிக்கர்கள். 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் குடாநாட்டில் தமது பணியைத் தொடங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி நிறுவப்பட்டது. அதன் முதல் அதிபர் டானியல் பூவர் மாசசூசெற்ஸ் மாநிலத்தில் 1789 இல் பிறந்தவர். ஆகவே நமது பாட்டன்மாரின் பாட்டன்மார் கேட்டுப் பழகிய ஆங்கிலத்தில் பெரும்பகுதி இலண்டன் ஆங்கிலமே அன்று. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வழங்கிய ஆங்கிலம். 'சுத்தமான பிரித்தானிய உச்சரிப்பு' என்று பிற்காலத்தில் நாம் போற்றிய பொருள், தொடக்கத்தில் நம்மிடம் முழுமையாக இருந்ததே இல்லை.

1823 ஆம் ஆண்டுத் திட்டத்தைப் பார்த்தால் வியப்பு மேலிடும். ஆங்கிலத்தை ஐயந்திரிபறக் கற்பிப்பதும், தமிழிலக்கியத்தை வளர்ப்பதும் அதில் அருகருகே வைக்கப்பட்டிருந்தன. தெரிந்தெடுக்கப்பட்ட சிலருக்குச் சமஸ்கிருதமும் உண்டு. மாணாக்கர் செமினரியிலேயே தங்கிப் பயின்றனர். ஆங்கிலத்தைப் பாடவேளையில் மட்டுமன்றி ஆசிரியரோடு பழகும் வேளையிலும் கேட்டனர். வானியலையும் கணிதத்தையும் அம்மொழி வழியே கற்றனர். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனென்ற், 1850 இல் வெளியிட்ட நூலில் இச்செமினரியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது எனப் பாராட்டினார்.

1841 இல் 'உதயதாரகை' பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவரத் தொடங்கியபோது, அதன் ஆசிரியர்களாக இருந்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகியோர் இச்செமினரியில் பயின்ற தமிழர்களே. பெயர்கள் அமெரிக்க நன்கொடையாளர் வழிவந்தவை, ஆட்கள் நம்மவர். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையின் மாணாக்கர்களே. தாமோதரம்பிள்ளை பின்னர் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஆங்கிலம் அவர் நாவில் ஏறியது, தமிழ் இறங்கவில்லை.

1855 இல் செமினரி மூடப்பட்டது. அமெரிக்கத் தலைமைச் சபையின் செயலாளர் றூபஸ் அன்டர்சன், தாய்மொழிக் கல்வியே சமயப் பணிக்கு உகந்தது எனக் கருதினார். ஆங்கிலம் கற்றவர்கள் ஊழியத்தை விட்டு உத்தியோகத்தை நாடியது அவர் தரப்பின் முறைப்பாடு. ஊராரோ ஆங்கிலத்தை விடுவதாக இல்லை. 1872 இல் அதே மண்ணில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

மேடை கண்ட நாவலர்

இக்காலத்து மாணாக்கர் ஆங்கிலத்தோடு கூடவே வேறொன்றையும் கற்றனர். அது மேடைப் பேச்சு. எதிரே இருக்கும் எளிய மனிதருக்கு விளங்கும்படி, ஓர் ஒழுங்கில், நிறுத்தி, எடுத்து, ஏற்றி, இறக்கிப் பேசும் கலை. மெதடிஸ்த பிரசங்கிகள் வாரந்தோறும் செய்துகாட்டியது இதுவே.

ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். 1847 டிசம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தமது முதற் சைவப் பிரசங்கத்தை அவர் நிகழ்த்தினார். மிஷனரிமாரிடம் கண்ட முறையை எடுத்து, தமது சமயத்துக்கும் தமது மொழிக்கும் கருவியாக்கினார். 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு வழங்கிய 'நாவலர்' என்னும் பட்டமே நாவன்மையைக் குறிப்பது. காலஞ்சென்ற அமெரிக்க மானிடவியலாளர் பேர்னாட் பேற், தமிழ் மேடைப் பேச்சின் வேர்களை இப்பிரசங்க மரபில் தேடிச் சென்றார். அவர் 2016 இல் மறைந்த பின், அவ்வாய்வு 2021 இல் நூலாக வெளிவந்தது.

தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகளை முறையாகப் பயன்படுத்திய முன்னோடிகளுள் நாவலரும் ஒருவர். நிறுத்தக் குறி வெறும் அச்சுக் குறியன்று. எங்கே மூச்செடுக்க வேண்டும், எந்தச் சொற்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கருத்தாகின்றன என்று வாசிப்பவரின் நாவுக்குச் சொல்லும் வழிகாட்டி அது. ஆங்கிலத்தைத் தெளிவாகப் பேச விரும்புவோருக்கும் முதற் பாடம் இதுவே. வேகமாகப் பேசுவதைச் சரளம் என்று எண்ணுவது நம்மவரிடையே பெருவழக்கு. கருத்துக்குக் கருத்து நிறுத்திப் பேசுபவரைத்தான் கேட்பவர் பின்தொடர முடியும்.

வெள்ளி நாவும் மெல்லிய குரலும்

அடுத்த தலைமுறைகளில் ஆங்கில நாவன்மையால் உலகறிந்த தமிழர் சிலர் தோன்றினர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1905-06 காலப்பகுதியில் அமெரிக்கா சென்று ஆன்மிக விரிவுரைகள் நிகழ்த்தினார். 1915 இல் இலங்கையில் கலவரமும் இராணுவச் சட்டமும் மூண்டபோது, சட்டநிரூபண சபையில் சிங்கள மக்களுக்காக அவர் ஆற்றிய உரைகள் நாட்டின் வரலாற்றையே தொட்டவை.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. கும்பகோணத்தில் பயின்று, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். இங்கிலாந்தில் படித்தவரல்லர். ஆயினும் 'வெள்ளி நாவினர்' என ஆங்கிலேயரே அவரை அழைத்தனர். 1921 இல் பிரித்தானியப் பிரிவுக் கவுன்சில் உறுப்பினரானார். 1927 இல் தென்னாபிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவராகப் பொறுப்பேற்று, அங்கு வாழ்ந்த இந்தியரின் உரிமைக்காக அவர்களை இழிவாக நோக்கிய வெள்ளையர் சபைகளிலேயே பேசினார். டர்பனில் அவர் பெயரால் எழுந்த சாஸ்திரிக் கல்லூரி அப்பணியின் சான்று.

நமது நாட்டில் இதற்கு இரு வேறு எடுத்துக்காட்டுகள் உண்டு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் இடிமுழக்கம்போலப் பேசும் குற்றவியல் வழக்கறிஞர். 1945 இல் சோல்பரி ஆணைக்குழுவின் முன் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை முன்வைத்து நீண்ட உரை நிகழ்த்தியவர். எஸ். ஜே. வி. செல்வநாயகமோ மெல்லிய குரலினர், குடியியல் வழக்கறிஞர். பிற்காலத்தில் நோயினால் அக்குரல் மேலும் தளர்ந்தது. ஆயினும் அவர் எழுந்தால் மன்றமும் பாராளுமன்றமும் செவிசாய்த்தன. உணர்ச்சியோடு பேசுவது என்றால் உரக்கப் பேசுவது என்று பொருளல்ல. சொல்ல வந்த கருத்துக்கு ஏற்ற குரலைத் தேர்வதே அது.

கடுவவும் நொட்-பொட்டும்

இத்தகைய மரபு எப்போது அச்சமாக மாறியது? 1945 இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிக் கல்வியும் படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு உயர்ந்தது. இது இலட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்த நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆங்கிலம் அரச அலுவலிலும் வணிகத்திலும் செல்வாக்கு இழக்கவில்லை. 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய பின்னரும், அதை நிறைவேற்றியோரின் வீடுகளில் ஆங்கிலம் தொடர்ந்தது. கிராமத்துப் பாடசாலைகளில் பயிற்சி பெற்ற ஆங்கில ஆசிரியர்கள் அருகினர். தேர்வு எழுத்தைச் சோதித்தது. ஆகவே வகுப்பும் எழுத்தையே பயிற்றியது. பேச்சு கைவிடப்பட்டது.

அப்போது பிறந்த சொல்தான் 'கடுவ'. சிங்களத்தில் வாள் என்று பொருள். பல்கலைக்கழகச் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் அது. ஏந்தியவனுக்கு அதிகாரம், இல்லாதவனுக்கு வெட்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்து மொழியியலாளர் திரு கந்தையா, 1984 இல் இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு ஆய்வுக் கட்டுரை எழுதினார். இலங்கையில் வழங்கும் ஆங்கிலம் பிழைபட்ட ஆங்கிலமன்று, தனக்கென ஒழுங்குடைய ஒரு வகை என்பது அவரது வாதம்.

'கடுவ'வின் கூர்முனையாக அமைந்தது 'நொட்-பொட்' என்னும் ஏளனம். ஆங்கிலத்தின் குறுகிய ஒகரத்தையும் நீண்ட ஓகாரத்தையும் மாற்றி உச்சரிப்பவரைக் கொழும்பு மேட்டுக்குடி அவ்வாறு அழைத்தது. மண்டபத்தைக் குறிக்கும் 'ஹோல்' என்னும் சொல் ஒருவர் வாயில் ஓட்டையைக் குறிக்கும் சொல்லாக ஒலித்துவிட்டால் போதும்; அவர் என்ன சொன்னார் என்பதை எவரும் கேட்பதில்லை, எந்த ஊர், எந்தப் பாடசாலை என்பதையே கேட்பர். ஓர் உயிரெழுத்தைக் கொண்டு மனிதரை வரிசைப்படுத்தும் வழக்கம் இது. பேசி ஏளனத்துக்கு ஆளாவதிலும் பேசாதிருப்பது மேல் என்று ஒரு தலைமுறையே முடிவு செய்தது.

தொல்காப்பியம் தரும் உதவி

ஏளனத்தை ஒதுக்கிவிட்டு, உண்மையான இடர்ப்பாடுகளை மட்டும் பார்ப்போம். இங்கு நமக்குத் துணைவருவது நமது தமிழே. தொல்காப்பியத்தின் பிறப்பியல், ஒவ்வோர் எழுத்தும் நாவின் எப்பகுதி வாயின் எவ்விடத்தைத் தொடுவதால் பிறக்கிறது என விளக்குகிறது. ஐரோப்பாவில் ஒலியியல் தனித்துறையாக எழுந்தது 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

ஈழத்தமிழர் எழுதும் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழகத்தார் 'டிக்கெட்', 'லைட்', 'டொரண்டோ' என எழுதுவர். நாம் 'ரிக்கற்', 'லைற்', 'ரொறன்ரோ' என எழுதுகிறோம். தமிழக நண்பர்கள் இதைக் கண்டு புன்னகைப்பதுண்டு. ஆனால் காரணம் வலுவானது. ஆங்கிலத்தின் அவ்வொலி, நாவை மடித்து எழுப்பும் டகரமன்று. நாவின் நுனி மேற்பல்லின் பின்னுள்ள முரசைத் தொட எழுவது. 'வெற்றி' என்னும் சொல்லிலுள்ள இரட்டை றகரத்தை யாழ்ப்பாணத்தார் ஒலிக்கும் இடமும் ஏறக்குறைய அதுவே. நம் முன்னோர் செவியால் கேட்டதைச் செம்மையாகவே எழுதினர்.

இடர் தருவனவும் உண்டு. தமிழ் எழுத்து ககரம், பகரம் முதலியவற்றின் வல்லொலியையும் மெல்லொலியையும் வேறுபடுத்துவதில்லை. இடத்தைப் பொறுத்து அவை தாமே மாறும். ஆங்கிலத்திலோ அந்த வேறுபாடு பொருளையே மாற்றும். தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை; அதனால் ஆங்கிலச் சொல்லின் இறுதியில் நம்மையறியாமல் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும், அல்லது இறுதி மெய்யே விழுந்துவிடும். குடிப்பது 'கோப்பி', எழுதுவது 'கொப்பி' என நாம் உயிரொலியின் நீளத்தால் வேறுபடுத்துகிறோம். ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் முக்கிய வேறுபாடு நடுவிலுள்ள மெய்யொலியில் இருக்கிறது. முன்னதில் மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். இவற்றை அறிந்து, நாளொன்றுக்குப் பத்து நிமிடம் உரக்க வாசித்தால் சில மாதங்களில் பெரும்பாலும் திருந்திவிடும்.

'தான்' இல்லாத மொழி

உச்சரிப்பிலும் பெரிய சிக்கல் அழுத்தம். தமிழில் ஒரு சொல்லுக்கு முதன்மை தர வேண்டுமாயின் ஏகாரமும் 'தான்' என்னும் இடைச்சொல்லும் உண்டு. 'நேற்றுத்தான் வந்தேன்' என்கிறோம். 'நான்தான் வந்தேன்' என்கிறோம். ஆங்கிலத்தில் இந்த வேலையில் பெரும்பகுதியைக் குரலே செய்கிறது. 'ஐ கேம் யெஸ்ரடே' என்னும் மூன்று சொற்களில் முதற் சொல்லை அழுத்தினால் 'நான்தான்' என்று பொருள். இறுதிச் சொல்லை அழுத்தினால் 'நேற்றுத்தான்' என்று பொருள். சொற்கள் மாறவில்லை; செய்தி மாறிவிட்டது.

நம்மவர் எல்லாச் சொற்களையும் ஒரே சீராக ஒலிப்பதால், கேட்பவருக்கு எது முக்கியம் என்பது புலப்படுவதில்லை. சிலவேளை தவறான சொல்லில் அழுத்தம் விழுந்துவிடுகிறது. 'நான் அவருக்குப் பணம் கொடுக்கவில்லை' என்பதை ஆங்கிலத்தில் சொல்லும் ஒருவர் 'அவருக்கு' என்பதை அழுத்திவிட்டால், வேறு எவருக்கோ கொடுத்ததாகப் பொருள்படும். 'பணம்' என்பதை அழுத்தினால், வேறு எதையோ கொடுத்ததாகப் பொருள்படும். உரையாடலில் இது சிறு குழப்பம். நீதிமன்றத்திலோ அகதி விண்ணப்ப விசாரணையிலோ ஒரு மனிதரின் வாழ்வே இதில் தங்கியிருக்கக்கூடும். அங்கு தடுமாறுவோர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவதில் வெட்கத்துக்கு இடமில்லை.

தனிச்சொற்களுக்கும் இது பொருந்தும். 'றெக்கோட்' என்பதன் முதலசையை அழுத்தினால் பதிவேடு. இரண்டாம் அசையை அழுத்தினால் பதிவு செய்தல். புதிய ஆங்கிலச் சொல்லைக் கற்கும்போது எழுத்துக்கூட்டலோடு அழுத்தம் விழும் அசையையும் சேர்த்தே மனத்தில் இருத்த வேண்டும்.

அறிஞர் மாற்றிய இலக்கு

1917 இல் இலண்டன் பேராசிரியர் டானியல் ஜோன்ஸ் ஆங்கில உச்சரிப்பு அகராதியை வெளியிட்டார். தென் இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளில் படித்த ஒரு சிறு வகுப்பாரின் பேச்சே அதன் அளவுகோல். 1926 இல் பீ.பீ.சீ. உச்சரிப்பு ஆலோசனைக் குழுவை அமைத்தது. உலகெங்கும் ஆசிரியர்கள் இந்த அளவுகோலையே கையில் எடுத்தனர்.

ஆனால் ஜோன்ஸின் மாணவரான டேவிட் அபர்குரோம்பியே 1949 இல் மாற்றுக் கருத்தை முன்வைத்தார். கேட்பவர் சிரமமின்றி விளங்கிக்கொள்ளும்படி பேசினால் பெரும்பாலான கற்போருக்கு அது போதும் என்றார். 1995 இல் கனடாவின் மறே மன்றோவும் ட்ரேசி டேர்விங்கும் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச்சேர்த்தது. வேற்றுமொழிச் சாயல் கனமாக இருப்பதும், பேச்சு விளங்காதிருப்பதும் ஒன்றல்ல. கனத்த சாயலோடு பேசுபவரின் பேச்சும் முற்றாக விளங்கக்கூடும் என்று அவர்கள் காட்டினர். 2000 இல் ஜெனிபர் ஜென்கின்ஸ் இன்னும் ஒருபடி சென்று, பல நாட்டவர் தமக்குள் பேசும்போது எவை விளக்கத்தைக் கெடுக்கின்றன என ஆராய்ந்தார். மெய்யொலிகள், உயிரின் நீளம், வாக்கியத்தின் முதன்மை அழுத்தம் ஆகியன முக்கியம் என்றார். மெய்யொலிகளுள் நாவைப் பல்லிடை வைத்து எழுப்பும் ஒலிக்கு விலக்களித்தார். நமது வகுப்பறைகள் பல ஆண்டுகள் போராடியது அந்த ஒலியோடுதான்!

இலங்கை அரசும் 2009 இல் ஆங்கிலத்தை வாழ்க்கைத் திறனாக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. நமது பாணியிலேயே ஆங்கிலம் பேசுவோம் என்பது அதன் முழக்கம். முழக்கம் சரியானதே. எழுத்துத் தேர்வையே நோக்கமாகக் கொண்ட வகுப்பறையை அதனால் முழுமையாக மாற்ற முடியவில்லை.

போரும் புலப்பெயர்வும்

1990 களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அக்காலத்தில் யாழ். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தமது மாணவர்களின் பாடநூல்களைக் கூர்ந்து பார்த்தார். அமெரிக்காவில் அச்சான அந்நூல்களின் ஓரங்களில் தமிழ்க் குறிப்புகளும் படங்களும் திரைப்பட வரிகளும் கிறுக்கப்பட்டிருந்தன. மாணவர்கள் ஆங்கிலத்தை வேண்டாமென்று சொல்லவில்லை. தம்மை இழந்து அதைப் பெற விரும்பவில்லை. 1999 இல் ஒக்ஸ்போட் வெளியிட்ட அவரது நூல் இதை உலகுக்கு எடுத்துரைத்தது.

இன்று நம்மவர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். வைத்தியரிடம் நோயைச் சொல்லவும், பிள்ளையின் ஆசிரியரோடு பேசவும், தொழிலிடத்தில் அநீதி நேர்ந்தால் முறையிடவும் ஆங்கிலம் வேண்டும். அங்கே பிறந்த பிள்ளைகள் சிலர் பெற்றோரின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கின்றனர்; பெற்றோர் வாயை மூடிக்கொள்கின்றனர். கொழும்பில் 'நொட்-பொட்' என்று சிரித்தவர்களின் சிரிப்பு, கடல்கடந்து நமது வரவேற்பறைக்கே வந்துவிட்டது. அப்பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். உமது தாயின் நாவில் இருக்கும் சாயல் அறியாமையின் அடையாளமன்று. அவர் இன்னொரு மொழியையும் முழுமையாக அறிந்தவர் என்பதன் அடையாளம்.

கற்போருக்குச் சொல்லக்கூடியதும் அதிகமில்லை. நல்ல உரையொன்றைக் கேட்டு, அதே இடத்தில் நிறுத்தி, அதே சொல்லை அழுத்தி, உரக்கச் சொல்லிப் பழகுங்கள். உங்கள் குரலைக் கைபேசியில் பதிந்து கேளுங்கள். இறுதி மெய்களை விழுங்காதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் தொடங்கும் முன், இதில் எந்தச் சொல்லுக்குத் தமிழில் 'தான்' சேர்ப்பேன் என்று உங்களையே கேளுங்கள். அச்சொல்லில் குரலை உயர்த்துங்கள். திருவல்லிக்கேணியில் ஆசிரியராக இருந்த ஒருவர் டர்பன் மண்டபங்களில் நின்று வாதிட்டது ஆங்கிலேயராக மாறியதால் அல்ல. தமக்குப் பின்னால் நின்ற மக்களுக்காகச் சொல்ல வேண்டியது அவரிடம் இருந்தது. அது எதிரே இருந்தவர்களின் செவியில் தெளிவாக விழ வேண்டும் என்ற அக்கறையும் இருந்தது.